நீர் அரண்களைப் பார்க்க இரண்டு நாள் போதுமா?

கேள்வி: செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறோம். நெதர்லாந்தின் பழைய நீர் அரண்களையும் கோட்டை நகரங்களையும் பார்க்க எனக்கு ஆசை. இரண்டு நாள்தான் ஒதுக்க முடியும், கார் கிடையாது, மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. எந்தக் கோட்டைகளுக்குப் போகலாம்?

பதில்: இரண்டு நாள் போதும். ஆனால் பட்டியல் போட்டுக்கொண்டு கோட்டை கோட்டையாக ஏறி இறங்கும் திட்டம் வேண்டாம். ஆம்ஸ்டர்டாமைச் சுற்றி 135 கி.மீ. நீளத்துக்கு ஒரு வளையமும், மௌடன் ஊரிலிருந்து தெற்கே பீஸ்போஸ் சதுப்பு நிலம் வரை 85 கி.மீ. நீளத்துக்கு ஒரு கோடுமாக அமைந்த இவ்வரண்கள், 2021 முதல் ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. இங்கே பகைவனைத் தடுத்தது, மதகுகளைத் திறந்து தாழ்நிலத்தில் பரப்பிய தண்ணீர். தண்ணீர் ஏற முடியாத மேட்டுச் சாலைகள், ஆற்றுக் கரைகள், மதகுகள் ஆகியவற்றைக் காக்கவே கோட்டைகள் எழுந்தன. ஆகவே மதகையும் தாழ்நிலத்தையும் முதலில் பார்த்துவிட்டுக் கோட்டைக்குச் சென்றால்தான், அது ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பது விளங்கும்.

வயல்களில் நிறுத்திய தண்ணீரின் ஆழம் ஏறக்குறைய 40 முதல் 50 செ.மீ. மட்டுமே. படகு மிதக்க அது போதாது. நடந்து வரும் படைக்கோ, நீருக்கடியில் மறைந்திருக்கும் வாய்க்கால்கள் எங்கே என்று தெரியாது. 1672இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் படை ஹாலந்தின் வாசல் வரை வந்து நின்றதற்குக் காரணம் இந்த வெள்ளம்தான். அரணின் பலவீனம் உறைபனி: 1795 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை உறைந்த நீர்ப்பரப்பைக் கடந்து உள்ளே வந்தது. இன்று நீங்கள் காண்கிற கோட்டைகளில் பெரும்பாலானவை 1815க்குப் பிறகு புதிதாக அமைத்த மௌடன்-பீஸ்போஸ் அரண் வரிசையையும், 1883இல் தொடங்கிய ஆம்ஸ்டர்டாம் வளையத்தையும் சேர்ந்தவை.

முதல் நாளை மௌடனுக்கும் நார்டனுக்கும் கொடுங்கள். மௌடனில் ரயில் நிலையம் இல்லை. வேஸ்ப் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து டாக்சி பிடிப்பது உங்கள் மனைவிக்கு எளிது. ஃபெக்ட் ஆறு கடலைச் சேர்ந்த இடத்தில் உள்ள மதகின் ஓரம் சிறிது நேரம் நில்லுங்கள். அன்று கடல் நீரை நாட்டுக்குள் விட உதவிய திறவுகோல்களில் ஒன்று இது. அருகிலுள்ள மௌடர்ஸ்லாட் கோட்டையில் குறுகிய சுழல்படிகள் உண்டு என்பதால், முழங்கால் வலி உள்ளவர் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாம்புஸ் தீவுக் கோட்டைக்குப் படகு போகிறது. ஆனால் அரை நாளை எடுத்துக்கொள்ளும் அந்தத் தீவு பீரங்கிகளின் கதையைச் சொல்வது. உங்கள் ஆவல் வெள்ளத்தைப் பற்றியது என்பதால் அதை விட்டுவிடலாம்.

நார்டனுக்குப் பிற்பகல் முழுவதையும் ஒதுக்குங்கள். ஆறு கொத்தளங்களும் இரட்டை அகழியும் கொண்ட இந்த நட்சத்திர வடிவ ஊர், 1673இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து மீட்கப்பட்டபின் புதிதாக அரண் செய்யப்பட்டது. கிழக்கிலிருந்து ஆம்ஸ்டர்டாமை நோக்கி வரும் உலர்ந்த வழியை அது அடைத்து நின்றது. மதிலின் மேல் நடக்கும்போது, ஒரு கொத்தளத்தின் பின்னொதுங்கிய பக்கவாட்டில் நின்று அடுத்த கொத்தளத்தின் முகப்பை நோக்குங்கள்: சுவர் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும், பகைவன் ஒளிய ஒரு மூலைகூட எஞ்சாது. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் கட்டிய ஐங்கோணக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் பழக்கமானது. இங்கே ஓர் ஊரே அதற்குள் அடங்கியிருக்கிறது. மேட்டுப் பாதையில் கைப்பிடி கிடையாது, மழை பெய்தால் புல் வழுக்கும். மதிலேற முடியாதவருக்குத் தெருக்களே போதிய அழகு. கொத்தளம் ஒன்றுக்குள் அமைந்த கோட்டை அருங்காட்சியகத்தில் நிலத்தடி வழிகளையும் காணலாம்.

இரண்டாம் நாள் தெற்கே செல்லுங்கள். உட்ரெக்ட் வழியாக கெல்டர்மால்சன் சென்று, அங்கே ரயில் மாறினால் கோரின்கெம் வந்துவிடும். கோரின்கெம், வௌட்ரிகெம் ஆகிய கோட்டை நகரங்களும் லூவெஸ்டைன் கோட்டையும் ஆற்றின் இரு கரைகளிலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. இடையே பயணிகள் படகு ஓடுகிறது. என் கணிப்பில் நாட்டிலேயே நீர் அரணை மிகத் தெளிவாக உணர்த்தும் இடம் இதுதான், ஏனெனில் படகில் இருந்தபடியே ஆறு, கரை, தாழ்நிலம், கோட்டை நான்கையும் சேர்த்துப் பார்க்க முடிகிறது. சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ் 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பியது லூவெஸ்டைன் சிறையிலிருந்துதான்.

கிளம்பும் முன் இரண்டைச் சரிபாருங்கள். பல அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும். படகு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், எனவே கடைசிப் படகின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி அந்த நாளைத் திட்டமிடுங்கள். மழை விடாமல் பெய்தால் இரண்டாம் நாள் திட்டத்தை மாற்றி, உட்ரெக்ட் அருகே புன்னிக் நிலையத்திலிருந்து ஃபெக்டன் கோட்டைக்குச் செல்லலாம். அங்கே நீர் அரணுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.