எலிக்கு ஊசி போடப் போகிறேன் என்கிற மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

'டாக்டருக்குப் படிக்கிற அளவு மார்க்கை வைத்துக்கொண்டு எலிக்கு ஊசி போடப் போகிறேன் என்கிறாள்' என்று எழுதியிருந்தீர்கள். கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். இது ஒரு படிப்பா, இதை வைத்துப் பிழைக்க முடியுமா, இவளால் தாங்க முடியுமா. முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன். மூன்றாவதை அவளேதான் சொல்ல வேண்டும்.

விலங்குகளின் உடல் எப்படி இயங்குகிறது, நோயை எப்படி எதிர்க்கிறது என்ற ஆராய்ச்சி என்றதும் எல்லோருக்கும் வெள்ளை எலிதான் நினைவுக்கு வருகிறது. நான் ஒரு கன்றுக்குட்டியிலிருந்து தொடங்குகிறேன். மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய ஆன்டிபாடிகளை, அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதங்களை, வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறது. பசுவின் நஞ்சுக்கொடி அப்படி விடுவதில்லை. கன்று ஏறக்குறைய வெறும் கையோடு பிறக்கிறது. அதற்கான பாதுகாப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. கன்றின் குடலும் பிறந்த முதல் சில மணி நேரம்தான் அந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடும். 24 மணி நேரத்துக்குள் அந்தக் கதவு மூடிவிடும். அதனால் பண்ணையில் சீம்பாலின் ஒரு சொட்டை, அதன் அடர்த்தியை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரில் விட்டுப் பார்ப்பார்கள். 22 அல்லது அதற்கு மேல் காட்டினால் தரமான சீம்பால். ஓரிரு நாள் கழித்துக் கன்றின் ரத்தத்தில் புரதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். கதவு ஏன் மூடுகிறது என்று கேட்டால் அது பிசியாலஜி. உள்ளே போன ஆன்டிபாடி எந்தக் கிருமியைப் பிடிக்கிறது என்று கேட்டால் இம்யூனாலஜி. உங்கள் மகள் படிக்க விரும்புவது இந்த இரண்டும் சேருகிற இடத்தை.

இது மருத்துவத்துக்குக் கீழ்ப்பட்ட படிப்பு என்று யாராவது சொன்னால் கோழிக் கதையைச் சொல்லுங்கள். கோழியின் கழிவுத்துளைக்கு மேலே பர்சா என்று ஒரு சின்னப் பை இருக்கிறது. அது எதற்கு என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 1950-களில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், குஞ்சிலேயே அந்தப் பையை அகற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் படித்த ஒருவர் வகுப்பில் ஆன்டிபாடி உருவாவதைக் காட்ட அந்தக் கோழிகளில் சிலவற்றை வாங்கிக்கொண்டு போனார். பை இல்லாத கோழிகளில் ஆன்டிபாடி வரவே இல்லை. செய்முறை சொதப்பிவிட்டது என்று விட்டிருக்கலாம், அவர்கள் விடவில்லை. பெரிய இதழ் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை 1956-ல் கோழி வளர்ப்பு பற்றிய ஓர் ஆய்விதழில் வெளியானது. இன்று எந்த மருத்துவப் பாடநூலைத் திறந்தாலும் ஆன்டிபாடி தயாரிக்கும் 'பி செல்' என்று வருகிறதே, அந்த 'பி' பர்சாவின் முதல் எழுத்து.

சரி, பிழைப்புக்கு வருவோம். மனிதனுக்கும் கால்நடைக்கும் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனங்கள், புது மருந்தின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் கூடங்கள், நோய் கண்டறியும் கிட் தயாரிப்பவர்கள், தீவன நிறுவனங்கள், அரசின் கால்நடை நோய்க் கண்காணிப்பு, பல்கலைக்கழகங்கள் என்று வேலை இருக்கிறது. பாம்புக்கடிக்கான மருந்து இன்றும் பெரும்பாலும் குதிரையின் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. அந்தக் குதிரையின் உடல்நிலையைத் தெரிந்த ஆள் அங்கே வேண்டும். ஆனால் பணம் மெதுவாக வரும். முனைவர் பட்டம் வரை போனால் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் அவளுடைய வகுப்புத் தோழிகள் இரண்டு வேலை மாறியிருப்பார்கள். இதை அவளிடம் மறைக்காதீர்கள், நீங்களும் மறக்காதீர்கள்.

இங்கே நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். அவளுக்கு ஆர்வம் முழு விலங்கின் மேலா, அதன் செல்லின் மேலா? விலங்கு என்றால் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போவது நல்லது. ஐந்து, ஆறு ஆண்டு உழைப்புதான், ஆனால் கையில் ஒரு தொழில் இருக்கும். ஆராய்ச்சி கசந்தாலும் சிகிச்சை பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம். மாடு, ஆடு, குதிரைமேல் நடக்கும் ஆய்வுகளில் அறுவை, மயக்க மருந்து என்று வரும்போது கால்நடை மருத்துவர்தான் முன்னால் நிற்பார். செல் என்றால் உயிரியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் என்று நேராகப் போகலாம். அது விரைவான வழி. ஆனால் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக நிற்பது கடினம். என்னைக் கேட்டால் முதல் வழிக்குத்தான் என் ஓட்டு. இது சுற்றுவழி என்று நினைக்க வேண்டாம். பீட்டர் டோகர்ட்டி கால்நடை மருத்துவராகப் படித்து, செம்மறியாட்டின் மூளைக்காய்ச்சலை ஆராய்ந்து, பிறகு சுண்டெலிக்கு வந்தவர். வைரஸ் புகுந்த செல்லை உடலின் காவல் செல்கள் எப்படி அடையாளம் காண்கின்றன என்று கண்டுபிடித்ததற்காக 1996-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

'விலங்குச் சோதனையையே நிறுத்திவிடுவார்களாமே' என்றும் கேட்டிருந்தீர்கள். பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருள்களுக்கு 2013-லிருந்து முழுத் தடை. புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 இறுதியில் தளர்த்திவிட்டது. சிப்பில் வளர்க்கும் திசுக்கள், கணினி மாதிரிகள் எல்லாம் வந்துகொண்டிருக்கின்றன. எலி வேலையில் ஒரு பகுதி குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாட்டுக்கு வரும் நோயை மாட்டில்தான் பார்த்தாக வேண்டும். 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட வெக்கை நோய் மாட்டு நோய்தான். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முழுதாக ஒழித்த நோய் அது ஒன்றுதான். கால்நடை மருத்துவ வழிக்கு நான் போட்ட ஓட்டுக்கு இது இரண்டாவது காரணம்.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி, இவளால் தாங்க முடியுமா என்பது. ஆய்வகச் சுண்டெலி 25 கிராம் இருக்கும். அதன் உடலில் மொத்த ரத்தமே இரண்டு மில்லிக்குள்தான். ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது பொதுவான நெறி. அதாவது மூன்று, நான்கு சொட்டு. அதை எடுக்கும் கை நடுங்கக்கூடாது. வாலைப் பிடித்துத் தூக்கினால் எலி மிரளும் என்பதால் குழாய்க்குள் நடக்கவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மிரண்ட விலங்கின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் ஏறும், நோய் எதிர்ப்பு மாறும், அளந்ததெல்லாம் வீண். அதனால் விலங்கின் மேல் பரிவு இருப்பவர்கள்தான் இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலான எலி ஆய்வுகளின் கடைசி நாளில் அந்த எலியை வலியில்லாமல் கொன்று, மண்ணீரலை எடுத்து, சல்லடையில் தேய்த்து, செல்களை எண்ண வேண்டியிருக்கும். நேற்றுவரை பெயர் வைத்துக் கூப்பிட்ட எலி அது. அனுமதிக் குழு, எண்ணிக்கைக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த நாளில் கூண்டுக்கு முன்னால் நிற்கப்போவது அவள்தான். அழுதால் தவறில்லை. தூக்கமே போய்விடும் என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: ஒவ்வாமை. எலியின் சிறுநீரில் இருக்கும் ஒரு புரதம் காற்றில் கலந்து, அங்கே வேலை பார்க்கும் கணிசமானவர்களுக்கு மூக்கொழுகல், கண் எரிச்சல், சிலருக்கு ஆஸ்துமாவே கொண்டுவந்துவிடும். நான் ஆலோசனை சொல்லி அனுப்பிய ஒரு பையன் இரண்டாம் ஆண்டில் கண் வீங்கி வந்து நின்றான். அவனுக்குச் சின்ன வயதிலேயே இளைப்பு இருந்திருக்கிறது. நான் கேட்கத் தவறிவிட்டேன். இப்போது செல் வளர்ப்பும் தரவுப் பகுப்பாய்வுமாக வேறு பக்கம் போய்விட்டான், நன்றாகத்தான் இருக்கிறான். அதிலிருந்து எல்லோரிடமும் கேட்கிறேன்: வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா? அப்புறம், கணக்கு வருமா? புள்ளியியல் தெரியாமல் இந்தத் துறையில் ஒரு கட்டுரைகூடத் தேறாது.

விண்ணப்பம் போடுவதற்கு முன் இந்த விடுமுறையில் இரண்டு இடங்களுக்கு அவளை அனுப்புங்கள். ஒன்று, கன்று ஈனும் பண்ணை. ஒரு வாரம், இரவும் சேர்த்து. இன்னொன்று, எந்தக் கல்லூரியிலாவது இருக்கும் விலங்குக் கூடம்; அனுமதி கேட்டு, கூண்டு கழுவும் ஆளோடு நாலு நாள், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் இருக்கட்டும். பெரிய விஞ்ஞானியைப் பார்க்க வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் பிடித்திருந்ததா என்று கேட்காதீர்கள், என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள். முதலில் அவள் எதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறாள் என்பதை எனக்கு எழுதுங்கள். எந்த விண்ணப்பத்தை முதலில் நிரப்புவது என்று அதை வைத்துப் பார்ப்போம்.