மகளைக் கோவையில் விடுதியில் சேர்க்கப் போகிறோம். சாமான்களை எதில் கொண்டு போவது?

பெரம்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கோவையில் கிடைத்திருக்கிறது, காரா, பஸ்ஸா, ரயிலா, பார்சலில் போட்டுவிடலாமா என்று கேள்வி.

நான் வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் வேலை செய்கிறேன். லோடுமேனாகச் சேர்ந்தவன், இப்போது புக்கிங்கில் இருக்கிறேன். வீடு தண்டையார்பேட்டை. போன வருடம் என் மகளையும் கோவையில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

எதில் போவது என்பதை அப்புறம் பார்ப்போம். விடுதி வாசலிலிருந்து அவள் அறை வரைக்கும் யார் தூக்கப் போகிறார்கள்? இதை யோசித்துவிட்டுத்தான் மூட்டையே கட்ட வேண்டும். லேடீஸ் ஹாஸ்டலில் பெரும்பாலும் அப்பா, அண்ணன், மாமா யாரையும் விசிட்டர்ஸ் ஹாலுக்கு மேல் விடமாட்டார்கள். எங்களுக்கும் அதுதான் நடந்தது. "ஆம்பளைங்க இதுக்கு மேல போகக் கூடாதுங்க, அம்மா மட்டும் ஒருக்கா போய்ப் பாத்துட்டு வரட்டுங்க" என்றார் செக்யூரிட்டி. மரியாதையாகத்தான் சொன்னார், அவர் வேலை அது. என் மனைவிக்கு முட்டி வலி. அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

இது நடக்கும் என்று தெரிந்துதான் வீட்டிலேயே கணக்குப் போட்டுக் கட்டினேன். எந்த உருப்படியும் 12 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒவ்வொன்றையும் எங்கள் ஆபீஸ் தராசில் ஏற்றிப் பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்த மளிகைக் கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள், கூச்சப்படாதீர்கள். மெத்தையைச் சுருட்டி, பாலிதீன் சுற்றி, மேலே கோணி போட்டு, கோணி ஊசியால் தைத்துவிட்டேன். கட்டில் அகலத்தை விடுதிக்குப் போன் செய்து முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் மூன்றடி இருக்காது. பக்கெட்டைக் காலியாக எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. தட்டு, டம்ளர், சோப்பு, பருப்புப் பொடி டப்பா, பூட்டு எல்லாம் அதற்குள் போகும். சந்தில் துணிகளைத் திணித்து, வாய்க்கு ஒரு துண்டைப் போட்டுச் சணலால் இறுக்கிவிட்டால் ஒன்றும் ஆடாது. அயர்ன் பாக்ஸ், எலக்ட்ரிக் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம். பல விடுதிகளில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

மார்க்கிங் முக்கியம். பேர், ஊர், முதலாம் ஆண்டு, அறை எண் தெரிந்தால் அதுவும். ஒரு பக்கம் எழுதினால் போதாது, எதிர்ப்பக்கமும் எழுதுங்கள். உள்ளே ஒரு சீட்டும் போட்டு வையுங்கள், வெளியே எழுதியது அழிந்தாலும் பிரித்துப் பார்த்தால் யாருடையது என்று தெரியும். அன்றைக்கு ஹாலில் ஒரே மாதிரி நீலக் கலர் ட்ராலி பேக் வரிசையாக நின்றது. எது யாருடையது என்று பிள்ளைகள் ஜிப்பைத் திறந்து திறந்து பார்த்தார்கள்.

இனி எதில் போவது. என் பிழைப்பே பார்சல்தான், ஆனாலும் சொல்கிறேன்: சேர்கிற நாளுக்குப் பார்சலை நம்பாதீர்கள். கோடவுன் டெலிவரி என்றால் எல்.ஆர். (புக்கிங்கில் கொடுக்கிற லாரி ரசீது) காட்டி நீங்களே போய் எடுத்து, இன்னொரு ஆட்டோ பிடிக்க வேண்டும். டோர் டெலிவரி என்றாலும் விடுதி வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் வேண்டும். கார் வசதி இருப்பவர்கள் காரில் போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் 500 கிலோமீட்டர் போக வர வாடகை கொடுக்கிற காசு, பிள்ளைக்கு எத்தனையோ மாதத்துக்கு மெஸ் பில்.

நாங்கள் ரயிலில் போனோம். ஸ்லீப்பரில் ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ இலவசம். மூன்று பேர் போனால் 120 கிலோ. ஒரு பெண் பிள்ளையின் விடுதிச் சாமான் அதில் பாதிகூட வராது. பெட்டி 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருக்க வேண்டும். தேர்ட் ஏசி என்றால் எடை அதே 40 கிலோதான், ஆனால் பெட்டி அளவு இன்னும் சிறியது, கவனம். இன்னொன்று, கிளம்புகிற இடத்தில் ஏறி, முடிகிற இடத்தில் இறங்குகிற மாதிரி வண்டி எடுங்கள். சேரன் எக்ஸ்பிரஸ் கோவையோடு முடிகிறது. நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையம் வரை போகிற வண்டி, கோவையில் நிற்கிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும். விடியற்காலைத் தூக்கத்தில் அந்தப் பரபரப்பு எதற்கு?

சென்ட்ரல் வரைக்கும், மனைவியும் மகளும் கைப்பைகளோடு தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறிவிட்டார்கள். 2021-ல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது எங்களுக்குப் பெரிய உபகாரம். கோணிகளை நானும் மச்சானும் லோடு ஆட்டோவில் கொண்டுவந்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் எங்கள் வடசென்னை ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அந்த ஸ்டேஷன் கட்டிடம் இன்றைக்கும் நிற்கிறது. அங்கிருந்து வெளியூர் வண்டி விடுங்கள் என்று எத்தனை காலமாகக் கேட்கிறோம்! சென்னையின் மூன்றாவது ரயில் முனையம் தாம்பரத்துக்குப் போனது. தெற்கே போகிற பஸ்களுக்கான நிலையம் 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்குப் போனது. திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இருக்கிறவன் தலையில் மூட்டையை வைத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய்த்தான் பெரும்பாலான பஸ்களில் ஏற வேண்டும். கன்டெய்னர் லாரி எல்லாம் எங்கள் ரோட்டில், வசதி எல்லாம் தெற்கே. இது அரசியல் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும், எங்கள் வீட்டுப் பிரச்சினை இது.

சரி, விடுதிக்கு வருகிறேன். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் பெரிய இரும்பு டிரங்க் பெட்டி கொண்டுவந்திருந்தது. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் ஆளுக்கொரு பிடி பிடித்து முதல் மாடித் திருப்பம்வரை போய், அங்கேயே வைத்துவிட்டு நின்றார்கள். அப்பா கீழே கையைப் பிசைகிறார், மேலே போக முடியாது.

என் மகள் ஒன்றும் பேசவில்லை. துண்டை முறுக்கிச் சும்மாடு செய்தாள். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்கார்ந்து மெத்தைக் கோணியைத் தலைக்கு ஏற்றினாள். எழுந்தாள், ஒரு கையால் கோணியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் பக்கெட்டோடு படி ஏறினாள். சின்ன வயதில் எங்கள் ஆபீஸுக்குச் சோறு கொண்டுவரும்போது பார்த்துப் பழகியது. இறங்கி வரும்போது, "நீ போய் உக்காருப்பா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றாள். போகிற வழியில் அந்த டிரங்க் பெட்டிக்கும் ஒரு கை கொடுத்து மேலே ஏற்றிவிட்டாள். அந்தப் பெண்தான் இப்போது அவள் அறைத் தோழி.

பெண் பிள்ளையை இப்படி மூட்டை தூக்க விடுவதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சிலர் அன்றைக்கே பார்வையால் கேட்டார்கள். தலையில் மூட்டை தூக்கித்தான் அவளைப் படிக்க வைத்தேன். அதில் அவளுக்கும் கேவலம் இல்லை, எனக்கும் இல்லை. எல்லாரும் தலையில்தான் தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகளால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்குக் கட்டுங்கள் என்கிறேன்.

கோணியையும் கயிற்றையும் அன்றைக்கே குப்பையில் போட விடாதீர்கள். மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள், கோணி ஊசியையும் சேர்த்து. பல விடுதிகளில் வருடக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அப்போது நீங்கள் பெரம்பூரில் இருப்பீர்கள், கட்டப்போவது அவள்தான்.