மூளைச்சாவு அடைந்த குழந்தையின் உறுப்புகளைத் தானம் செய்ய யார் சம்மதிக்க வேண்டும்? அவசரப்பட்டு அறிவித்துவிட மாட்டார்களா?

இந்தியாவில் 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் தாய் அல்லது தந்தை, ஒருவர் கையெழுத்து போதும். படிவம் 9 இதற்கானது. ஒருவர் தயங்கினால், சட்டம் இடம் தந்தாலும் நிறுத்திவிடுவதே முறை என்பேன்.

மூளைச்சாவை உறுதிசெய்பவர்கள் நான்கு மருத்துவர்கள். உறுப்பு எடுக்கும் குழுவில் அவர்கள் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே குறைந்தது 6 மணி நேரம். குழந்தைகளுக்கு அதைவிடக் கூடுதல், எவ்வளவு என்பது நிபுணர்கள் முடிவு. அமெரிக்க வழிகாட்டுதலில் 12 மணி நேரம்.

முக்கியமானது மூச்சுப் பரிசோதனை. முதலில் 100% ஆக்சிஜன் கொடுத்து, வென்டிலேட்டரைக் கழற்றி, நெஞ்சின் மேலுள்ள துணியை விலக்கி, அது அசைகிறதா என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி, தொடக்க அளவைவிட 20 கூடியும் நெஞ்சு அசையவில்லை என்றால்தான் மூச்சு இல்லை என்று அர்த்தம். குழந்தைகளுக்கு ஆக்சிஜன் சட்டென்று இறங்கும். இறங்கினால் பாதியில் நிறுத்த வேண்டியதுதான். உடல் குளிர்ந்திருந்தாலோ மயக்க மருந்து தங்கியிருந்தாலோ சோதனையே செல்லாது. மூளைச்சாவுக்குப் பிறகும் விரல் துடிக்கலாம், அது தண்டுவட அனிச்சைச் செயல். பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நம்பிக்கை அங்கேயே உடையும்.

சின்னக் குழந்தையின் சிறுநீரகங்களில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். அதனால் இரண்டையும் அவற்றோடு இணைந்த பெரிய ரத்தக் குழாய்களோடு சேர்த்து ஒருவருக்கே பொருத்துவது உண்டு.

விபத்து என்றால் போலீஸ், பிரேதப் பரிசோதனை நடைமுறைகளும் சேரும். சம்மதித்த பிறகு உறுப்புகளைப் பராமரிக்கும் செலவைக் குடும்பத்திடம் கேட்கக் கூடாது. பில்லில் இருந்தால் தட்டிக் கேளுங்கள்.