புறநகரிலிருந்து நகர் மையத்துக்கு: தனிவழிப் பேருந்தா, இலகு ரயிலா?

கனடாவின் ஒட்டாவாவில் இரண்டிலும் வருஷக்கணக்கில் வேலைக்குப் போய்வந்திருக்கிறேன். வீடு கிழக்குப் புறநகரான ஓர்லீன்ஸில், அலுவலகம் நகர் நடுவில். அதை வைத்தே சொல்கிறேன்.

இங்கே 1983-லேயே டிரான்சிட்வே என்று பஸ்ஸுக்கு மட்டுமான சாலையைத் திறந்துவிட்டார்கள். புறநகர்ப் பக்கம் பெரும்பாலும் காரும் கிடையாது, சிக்னலும் கிடையாது. நிறுத்தங்கள் ரயில் நிலையம் போலவே இருக்கும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. அப்போதெல்லாம் தெருமுனையில் ஏறினால் அதே பஸ் தனிவழியில் புகுந்து நேரே அலுவலகத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். மைனஸ் 20 டிகிரியில் நின்றவர்களுக்குத்தான் வண்டி மாறாமல் போவதன் அருமை தெரியும். வீடுகள் சிதறிக் கிடக்கும் புறநகரில் ரயிலால் இதைச் செய்யவே முடியாது.

பிறகு ஏன் ரயிலுக்கு மாறினார்கள்? கோளாறு புறநகரில் இல்லை, ஊர் நடுவில். வெளிப்பகுதியை முதலில் கட்டினால் செலவு குறையும் என்று மையத்தில் சுரங்கம் தோண்டுவதைத் தள்ளிப்போட்டார்கள். அங்கே ஆல்பர்ட், ஸ்லேட்டர் என்ற இரண்டு ஒருவழித் தெருக்களில் பஸ்ஸுக்கு ஒரு தடம் ஒதுக்கியதோடு சரி. எல்லாப் புறநகர் பஸ்களும் அந்தச் சிக்னல்களில்தான் வந்து முட்ட வேண்டியிருந்தது. உச்ச நேரத்தில் ஒரு திசையில் மட்டும் மணிக்குப் பத்தாயிரம் பேர் போல. மாலை ஐந்து மணிக்குச் சுவர் எழுப்பினதுபோல் பஸ்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். இன்னும் பஸ் விட்டால் இன்னும் மெதுவாகும், அவ்வளவுதான்.

2019 செப்டம்பர் 14 அன்று கான்ஃபெடரேஷன் தடம் என்ற இலகு ரயில் ஓட ஆரம்பித்தது. 12.5 கி.மீ., 13 நிலையங்கள், மையத்தில் சுமார் 2.5 கி.மீ. சுரங்கம், செலவு ஏறக்குறைய 210 கோடி கனடிய டாலர். இரண்டு வண்டிகளைக் கோத்த ரயிலில் 600 பேர் போகலாம், ஓட்டுநர் ஒருவர் போதும். பஸ் என்றால் நீளமான வண்டிகளே ஆறேழு வேண்டும், ஓட்டுநர்களும் அத்தனை பேர். சம்பளக் கணக்கில் ரயில் ஜெயிப்பது இங்கேதான்.

ஆனால் ஓர்லீன்ஸ்காரர்களான நாங்கள், தடத்தின் அப்போதைய கிழக்கு முனையான பிளேர் நிலையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ரயிலுக்கு மாற வேண்டியதாயிற்று. 2021 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ரயில் தடம்புரண்டது. இரண்டாவது தடவை வாரக்கணக்கில் சேவையே இல்லை, பிறகு பொது விசாரணை நடந்தது. ஒரு பஸ் பழுதானால் அடுத்தது ஒதுங்கிப் போய்விடும். ரயில் நின்றால் பாதையே நிற்கிறது.

ஆகவே, மணிக்குப் பத்தாயிரம் பேரை நெருங்காத புறநகர்ப் பாதை என்றால் நான் பஸ்ஸைத்தான் சொல்வேன், நகர் மையத்திலும் அதற்குத் தனிவழி உண்டு என்றால் மட்டும். வளைவையும் ஏற்றத்தையும் பிற்காலத்தில் ரயில் ஓடத் தோதாக முதலிலேயே வைத்துவிட வேண்டும். டிரான்சிட்வேயை அப்படிக் கட்டியதால்தான் அதே பாதையில் தண்டவாளம் போட முடிந்தது. உங்கள் ஊர்த் திட்ட வரைபடம் கைக்கு வந்தால் கடைசி மூன்று கிலோமீட்டரை முதலில் பாருங்கள். அங்கே பஸ் காரோடு கலக்கிறதா என்று அதிகாரிகளிடம் கேளுங்கள்.