குதிரைக்குட்டி பின்னங்காலைத் தொட்டாலே உதைக்கிறது. குளம்பு சீவ எப்படிப் பழக்குவது?

பதினோரு மாதக் குட்டி, முன்னங்காலைத் தருகிறது, பின்னங்காலைத் தர மறுக்கிறது, லாடம் அடிப்பவர் காலைக் கட்டித்தான் ஆகவேண்டும் என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து கட்டாதீர்கள். ஆபத்து வந்தால் ஓடித் தப்பிக்கும் பிராணி அது. காலைப் பிடித்தாலே வழி அடைபட்டதாகப் பயப்படும். கயிறும் சேர்ந்தால் திமிறி விழுந்து காலை முறித்துக்கொள்ளக்கூடும். அவசரமும் இல்லை. இந்த வயதில் பொதுவாக லாடம் தேவைப்படாது. குளம்பு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவி அரம் போட்டால் போதும்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் நான் வாங்கிய மார்வாரி இனக் குட்டியும் இப்படித்தான் இருந்தது. காலைத் தூக்குவேன், உதறும், விட்டுவிடுவேன். இரண்டு வாரம் இதே கதை. உதறினால் விட்டுவிடுவார்கள் என்று நானேதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதன்பின் இரண்டே நொடி பிடித்து, அது உதறுவதற்கு முன்பே நானாகக் காலை மெதுவாகத் தரையில் வைத்தேன். இரண்டு நொடி ஐந்தாகி, பத்தாகி, ஒரு மாதத்தில் ஒரு நிமிடம் நின்றது. காலைத் திருப்பிக் கொடுக்கும் நேரம்தான் எல்லாமே.

பின்னங்காலைக் கையால் தொடங்க வேண்டாம். நான்கடி மூங்கில் குச்சியின் நுனியில் சாக்குத்துணி சுற்றுங்கள். ஒருவர் தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடிக்கட்டும். நீங்கள் அதன் தோள் பக்கம் நின்று முதுகு, இடுப்பு, தொடை என்று தடவிக்கொண்டே கீழே இறங்குங்கள். நேர் பின்னால் நிற்கவே கூடாது, அங்கே நிற்பவர் அதன் கண்ணில் படமாட்டார். தோல் சிலிர்க்கும், வாலை இறுக்கும், உதைக்கவும் செய்யும். அப்போது துணியை எடுக்காதீர்கள். காலை ஊன்றிய அந்தக் கணத்தில் எடுங்கள். சில நாளில் பயம் தணிந்து தலையைத் தாழ்த்தி வாயை மெல்லும். அதன் பிறகுதான் கை.

நாலு காலும் சரியாக ஊன்றி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூக்குங்கள். அரையடி உயரம் போதும், உடம்பை ஒட்டியே இருக்கட்டும். நம் வசதிக்காக வெளியே இழுத்தால் இடுப்பு வலிக்கும், வலித்தால் எந்தக் குட்டியும் உதைக்கும். ஒரு கால் மட்டும் தர மறுத்தால் குளம்பின் அடியை முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றம் இருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈ மொய்க்காத காலை வேளையில், சிறிது நடத்திக் கூட்டி வந்த பிறகு, பத்து நிமிடம் போதும். கொள்ளு வாளியை முன்னால் வைத்துச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. தீனி தீர்ந்ததும் பொறுமையும் தீர்ந்துவிடும். காலை நிதானமாகத் தரத் தொடங்கியபின் கூழாங்கல்லால் குளம்பைத் தட்டுங்கள், பழைய அரத்தால் உரசுங்கள். சத்தமும் பழக வேண்டுமல்லவா?

லாடக்காரர் வரும் முதல் நாள், முழுக் கூலியையும் கொடுத்து ஒரே ஒரு காலை மட்டும் சீவச் சொல்லுங்கள். மீதி மூன்றை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.