வைமர் குடியரசை யார் கொன்றார்கள்? – கேள்வி பதில்

ஜெர்மனியில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியைத் தடை செய்யலாமா என்ற விவாதம் சில ஆண்டுகளாகவே ஓயாமல் நடக்கிறது. தடை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் சான்றுக்குப் போய் நிற்கும் இடம் ஒன்றுதான்: 1919இல் பிறந்து 1933இல் ஹிட்லர் கையில் அழிந்த ஜெர்மன் ஜனநாயகமான வைமர் குடியரசு. அதைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சார், ஹிட்லர் தேர்தலில் ஜெயித்துத்தானே ஆட்சிக்கு வந்தார்? மக்களே விரும்பினால் ஜனநாயகம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்பதுதானே இதில் பாடம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் நாஜிகளுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 1928இல் அவர்கள் வாங்கியது 2.6 சதவீதம். 1930 செப்டம்பரில் 18.3. 1932 ஜூலையில் 37.3, அதுதான் உச்சம். அதே ஆண்டு நவம்பரில் மறுபடி தேர்தல் நடந்தபோது 33.1க்கு இறங்கி, ஏறக்குறைய இருபது லட்சம் வாக்குகளை இழந்தார்கள். டிசம்பரில் கட்சியின் முக்கியத் தலைவர் கிரெகோர் ஸ்ட்ராசர் பதவிகளை விட்டு விலகினார். கட்சி கடனில் தவித்தது. அலை ஓய்ந்துவிட்டது என்று பல நாளிதழ்கள் எழுதின.

அந்த நேரத்தில்தான் முன்னாள் சான்சலர் (நம் பிரதமர் போல அரசின் தலைவர்) ஃபிரான்ஸ் ஃபான் பாப்பன் ஹிட்லரோடு பேரம் பேசினார், வயதான குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்தார். 1933 ஜனவரி 30 அன்று அமைந்த அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். மற்றவர்கள் பழமைவாதிகள். இரண்டே மாதத்தில் ஹிட்லரை மூலையில் தள்ளிவிடலாம் என்று பாப்பன் நம்பினார்.

பிப்ரவரி 27 அன்று நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே ஒரு அவசரச் சட்டம் பேச்சுரிமை, கூடும் உரிமை, தனிமனிதச் சுதந்திரம் எல்லாவற்றையும் நிறுத்தியது. எதிர்க்கட்சிக்காரர்கள் சிறையில் இருக்க, தெருவில் அடியாட்கள் திரிய நடந்த மார்ச் 5 தேர்தலிலும் நாஜிகளுக்கு 43.9 சதவீதம்தான். மார்ச் 23 அன்று சட்டம் இயற்றும் அதிகாரத்தையே அரசிடம் ஒப்படைக்கும் சட்டம் 444க்கு 94 என்று நிறைவேறியது. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்டுகளை அவைக்குள்ளேயே விடவில்லை. கத்தோலிக்கர்களின் சென்டர் கட்சி ஆதரித்து வாக்களித்தது.

மூன்றில் ஒரு பங்கு மக்கள் அந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பது பெரிய குற்றம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாக்காளர்கள் கொடுக்காத மீதியைக் கொடுத்தவர்கள் அரசமைப்பின் காவலில் இருந்த கனவான்கள். கீழே நான் சொல்லப்போவது எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: மூட்டை மூட்டையாகப் பணம் கொண்டுபோய் ரொட்டி வாங்கிய பணவீக்கம்தானே நாஜிகளை வளர்த்தது?

காலம் பொருந்தவில்லை. பணவீக்கம் உச்சம் தொட்டது 1923 நவம்பரில். அப்போது ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து நடந்த தேர்தலில்தான் நாஜிகள் வெறும் 2.6 வாங்கினார்கள். அவர்களை வளர்த்தது 1929க்குப் பிறகு வந்த மந்தம். சான்சலர் புரூனிங் சம்பளத்தைக் குறைத்தார், வரியைக் கூட்டினார், உதவித்தொகையை வெட்டினார். 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் அறுபது லட்சம். பணவீக்கம் நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பை அழித்து மனதில் ஆறாத கசப்பை விட்டுச் சென்றது உண்மை. ஆனால் கட்சியைப் பெரிதாக்கியது வேலையின்மையும் அரசின் சிக்கன நடவடிக்கைகளும்தான். இதைக் குழப்பிக்கொண்டால் பாடமும் தலைகீழாகிவிடும்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி): வைமர் அரசமைப்பின் 48ஆவது உறுப்பு என்று எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. அதில் அப்படி என்னதான் இருந்தது?

பொது ஒழுங்குக்கு ஆபத்து வந்தால் குடியரசுத் தலைவர் அவசர நடவடிக்கை எடுக்கலாம், ராணுவத்தைப் பயன்படுத்தலாம், ஏழு அடிப்படை உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்தலாம். நாடாளுமன்றம் கேட்டால் அதைத் திரும்பப் பெற வேண்டும். ஆனால் வேறு ஒரு உறுப்பின்படி அவரே நாடாளுமன்றத்தைக் கலைக்கவும் முடியும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1930 ஜூலையில் அதுதான் நடந்தது: புரூனிங்கின் அவசரச் சட்டங்களை அவை நிராகரித்தது, அவை கலைக்கப்பட்டது, அடுத்து வந்த தேர்தலில் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107க்குப் போனார்கள்.

1931இல் நாடாளுமன்றம் 34 சட்டங்கள் இயற்றியது, அவசரச் சட்டங்கள் 44. 1932இல் நாடாளுமன்றம் இயற்றியவை ஐந்தே ஐந்து.

அதே உறுப்பை முதல் குடியரசுத் தலைவர் எபர்ட்டும் நூறு முறைக்கு மேல் பயன்படுத்தினார். கலகங்களை அடக்கிக் குடியரசைக் காப்பாற்றத்தான். எழுத்து ஒன்றுதான், எடுத்தவரின் நோக்கம் வேறு. ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்தவர்களுக்கு நாடாளுமன்றம் இல்லாமல் ஆள வேண்டும் என்பதே ஆசை.

கேள்வி: கெல்சன் – கார்ல் ஷ்மிட் விவாதத்தைக் கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்களேன், அண்ணா.

அந்த இரண்டு சட்ட அறிஞர்களும் மோதிக்கொண்ட கேள்வி இதுதான்: அரசமைப்பின் காவலர் யார்? பெரிய தொழில்கள், தொழிற்சங்கங்கள், கட்சிகள் எல்லாம் அரசைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, எனவே மொத்த மக்களின் பெயரால் முடிவெடுக்கும் குடியரசுத் தலைவர்தான் காவலர் என்றார் ஷ்மிட். அரசமைப்பை மீறக்கூடியவரையே அதற்குக் காவல் வைக்க முடியாது, அது நீதிமன்றத்தின் வேலை என்றார் ஹான்ஸ் கெல்சன். ஆஸ்திரியாவின் 1920 அரசமைப்பையும் அதன் அரசமைப்பு நீதிமன்றத்தையும் உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருடையது.

இது வகுப்பறைச் சண்டையாக நிற்கவில்லை. 1932 ஜூலை 20 அன்று பாப்பன், 48ஆவது உறுப்பைக் காட்டிப் பிரஷ்ய மாநில அரசைக் கலைத்தார். நாட்டின் ஐந்தில் மூன்று பங்கு மக்கள் வாழ்ந்த மாநிலம் அது. சமூக ஜனநாயகக் கட்சி தலைமை தாங்கிய அரசு, குடியரசின் கடைசிக் கோட்டை. வழக்கு லைப்சிக்கில் நடந்தபோது மத்திய அரசுக்காக வாதாடியவர்களில் ஷ்மிட் ஒருவர். எதிர்த்தரப்பில் சட்ட அறிஞர் ஹெர்மன் ஹெல்லர் இருந்தார். நீதிமன்றம் பாதி இப்படி, பாதி அப்படி என்று தீர்ப்பளித்தது. காவல்துறையும் நிர்வாகமும் பாப்பன் கையிலேயே தங்கின. ஆறு மாதத்தில் அந்தக் காவல்துறையை நாஜித் தலைவர் கோரிங் எடுத்துக்கொண்டார்.

1933இல் யூதப் பின்னணி கொண்ட கெல்சனைக் கொலோன் பல்கலைக்கழகம் நீக்கியது. அவருக்கு ஆதரவாகச் சக பேராசிரியர்கள் எழுதிய மனுவில் ஷ்மிட் கையெழுத்துப் போடவில்லை. அந்த ஆண்டு மே மாதம் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். ஷ்மிட்டின் கூர்மையை வியப்பவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்திருந்தால் தடுத்திருக்கலாமா?

1932 நவம்பர் கணக்கில் இருவருக்கும் சேர்த்து 37 சதவீதத்துக்கு மேல், நாஜிகளைவிட அதிகம்தான். ஆனால் பெரும்பான்மை இல்லை. மாஸ்கோ வழிநடத்தல்படி கம்யூனிஸ்ட் கட்சி சமூக ஜனநாயகவாதிகளைச் சமூகப் பாசிஸ்டுகள் என்றே அழைத்தது. சமூக ஜனநாயகவாதிகளோ 1919இல் கம்யூனிஸ்ட் தலைவர் ரோசா லக்சம்பர்க் கொலையான நாட்களில் ஆட்சியில் இருந்தவர்கள். அந்த ரத்தத்தை மறக்கச் சொல்வது சுலபமில்லை. சேர்ந்திருந்தால் தெருவில் எதிர்ப்பு வலுவாக இருந்திருக்கும். ஜனவரி பேரத்தை அது நிறுத்தியிருக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவு.

கேள்வி: போருக்குப் பிறகு ஜெர்மனி என்ன மாற்றியது? ஐந்து சதவீத வரம்பு பலன் தந்ததா?

ஐந்து சதவீத வாக்குக்குக் கீழே வாங்கும் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை என்ற வரம்பு 1930க்குப் பிறகு நாஜிகளைத் தடுத்திருக்காது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1949இல் வந்த அரசமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 67ஆவது உறுப்பு: அடுத்த சான்சலர் யார் என்று சொல்லாமல் இருக்கும் சான்சலரை இறக்க முடியாது. 1932 ஜூலைக்குப் பின் நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்தால் அவையில் பாதிக்கு மேல். எதையும் கவிழ்க்க முடியும், எதையும் அமைக்க முடியாது. செப்டம்பரில் பாப்பன் அரசு 512க்கு 42 என்று தோற்றது. புதிய முறையில் 1972இல் சான்சலர் வில்லி பிராண்ட் இரண்டே வாக்கில் தப்பினார். 1982இல் ஹெல்முட் கோல் இதே வழியில் பதவிக்கு வந்தார். அவ்வளவுதான், இதுவரை வேறு யாரும் இந்த வழியில் வென்றதில்லை.

கேள்வி: கருத்துச் சுதந்திரத்தை நம்பும் நாடு ஒரு கட்சியைத் தடை செய்வது முரண் இல்லையா?

முரண்தான். அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். நாட்டைவிட்டு வெளியேறிய சட்ட அறிஞர் கார்ல் லோவன்ஸ்டைன் 1937இலேயே, ஜனநாயகம் தன்னைக் காக்கப் போராடவும் வேண்டும் என்று எழுதினார். 1948இல் புதிய அரசமைப்பை எழுதக் கூடிய அவையில் கார்லோ ஷ்மிட் (அந்த ஷ்மிட் அல்ல, சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்), ஜனநாயகத்தைக் கொல்ல ஜனநாயகத்தையே பயன்படுத்துவோரிடம் சகிப்பின்றி நடக்கும் துணிவு வேண்டும் என்றார். கெல்சன் 1932இல் இதற்கு நேர் எதிராக எழுதியிருந்தார்: பெரும்பான்மையின் விருப்பத்துக்கு எதிராகப் பலத்தால் நிற்கும் ஜனநாயகம் ஜனநாயகமே இல்லை. லோவன்ஸ்டைன், கெல்சன் இரண்டு பேரும் நாஜிகளால் விரட்டப்பட்டவர்கள், ஒரே அழிவைப் பார்த்தவர்கள். அதனால்தான் இந்த விவாதத்தில் எந்தப் பக்கத்தையும் முட்டாள்கள் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நடைமுறையில் இரண்டே கட்சிகள் தடையாயின: 1952இல் நாஜி வாரிசான எஸ்ஆர்பி, 1956இல் கம்யூனிஸ்ட் கட்சி. இரண்டாவது தடை தேவையில்லாதது என்பேன், 2.2 சதவீதம் வாங்கிய கட்சி அது. தீவிர வலதுசாரிக் கட்சியான என்பிடி மீதான வழக்கு 2003இல் நின்றுபோனது, கட்சித் தலைமையிலேயே உளவுத்துறை ஆட்கள் இருந்தார்கள் என்பதால். 2017இல் அதே கட்சியைப் பற்றி நீதிமன்றம், நோக்கம் அரசமைப்புக்கு விரோதமானது, ஆனால் அதை நிறைவேற்றும் பலம் இல்லை என்று தடையை மறுத்தது.

கேள்வி: நம் அரசமைப்புக்கும் வைமருக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா?

உண்டு. அவசரநிலைப் பிரிவுகளை அரசியல் நிர்ணய சபை விவாதித்தபோது, எச்.வி. காமத் வைமரைச் சுட்டிக்காட்டிக் கடுமையாக எச்சரித்தார். 1975க்குப் பிறகு அந்த எச்சரிக்கையின் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. 1978இல் 44ஆவது திருத்தம், அவசரநிலையிலும் 20, 21ஆம் உறுப்புகளை (குற்ற வழக்கில் பாதுகாப்பு, உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமை) நிறுத்த முடியாது என்று ஆக்கியது.

இன்னொரு தொடர்பு அதிகம் பேசப்படாதது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த சட்ட அறிஞர் டீட்டர் கொன்ராட் 1965இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 79ஆவது உறுப்பு, மனித மாண்பையும் ஜனநாயக அமைப்பையும் எந்தத் திருத்தத்தாலும் தொட முடியாது என்கிறது. வைமரில் அப்படி எதுவும் இல்லை. இந்தியாவில் எழுதப்படாத வரம்பு உண்டா என்று கேட்டவர், தமிழ்நாடு, இந்துஸ்தான் என்று நாட்டை இரண்டாக்கத் திருத்தம் கொண்டுவர முடியுமா என்பதையே உதாரணமாக வைத்தார். பிரிவினை பேசுவோரைத் தேர்தலுக்கு வெளியே நிறுத்த 16ஆவது திருத்தம் 1963இல் வந்து, திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டு இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நேரம் அது. வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் இந்த வாதத்தை உச்ச நீதிமன்றத்தில் கோலக்நாத் வழக்கில் எடுத்துவைத்தார். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் அழிக்க முடியாது என்று 1973இல் சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பில் நீதிபதி எச்.ஆர். கன்னா கொன்ராட்டை மேற்கோள் காட்டினார்.

கேள்வி: அந்த 16ஆவது திருத்தமும் ஜெர்மன் பாணித் தடைதானா?

பாதி. திமுகவை நாஜிகளோடு ஒப்பிடுவது அநியாயம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது வாக்குப்பெட்டியை நம்பிய கட்சி. மத்திய அரசு கட்சியைத் தடை செய்யவில்லை, வேட்பாளரின் உறுதிமொழியைத்தான் மாற்றியது. கட்சி ஒரு கோரிக்கையை விட்டது, 1967இல் ஆட்சிக்கு வந்தது. கட்சியை வெளியே தள்ளாமல் உள்ளே இருக்க வழி விட்டது பலன் தந்தது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: சரி, ஏஎஃப்டியைத் தடை செய்ய வேண்டுமா? நேராகச் சொல்லுங்கள்.

2013இல் தொடங்கிய கட்சி 2025 பிப்ரவரியில் 20.8 சதவீதம் வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. அந்த மே மாதம் உள்நாட்டு உளவுத்துறை அதைத் தீவிர வலதுசாரி அமைப்பு என்று வகைப்படுத்தியது, கட்சி நீதிமன்றத்துக்குப் போனது. தடை கேட்டு மனுப் போட நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் அரசுக்கும் மட்டுமே உரிமை. முடிவு அரசமைப்பு நீதிமன்றத்துடையது, அங்கே மூன்றில் இரண்டு பங்கு நீதிபதிகள் சம்மதிக்க வேண்டும். இந்த ஏற்பாடு நல்லது. ஆதாரம் வலுவாக இருந்தால் மனுப் போடுவதில் தவறில்லை. ஆனால் ஐந்தில் ஒரு வாக்காளரைத் தடை மறையச் செய்யாது, வழக்கும் பல ஆண்டுகள் ஓடும்.

நான் கூர்ந்து பார்ப்பது வேறு இடம். 1930 ஜனவரியில் நாஜிகளுக்கு முதல் மாநில அமைச்சர் பதவி கிடைத்தது துரிங்கியாவில். வில்ஹெல்ம் ஃபிரிக்கை அமைச்சரவையில் சேர்த்தவர்கள் அங்கிருந்த வலதுசாரிக் கட்சிகள். 2020 பிப்ரவரியில் அதே துரிங்கியாவில் ஏஎஃப்டி வாக்குகளோடு லிபரல் கட்சியின் கெம்மரிச் 45க்கு 44 என்று மாநில முதல்வரானார். நாடே கொதித்தது, அவர் மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார். 1930இல் அந்தக் கொதிப்பு இல்லை. அதனால் ஏஎஃப்டி எத்தனை சதவீதம் வாங்குகிறது என்பதோடு, பெரும்பான்மைக்கு நாலு வாக்கு குறையும்போது பக்கத்துக் கட்சிகள் யாரிடம் போகின்றன என்பதையும் ஒவ்வொரு மாநிலத் தேர்தலுக்குப் பிறகும் கவனியுங்கள்.