பதில்: கூரை ஒழுகுது, முறைப்பாடு குடுத்தா கேஸுக்குப் பிரச்சினை வருமோ?

தங்கச்சி, முதல் பயத்தை விடுங்கோ. அசைலம் (அகதித் தஞ்சம்) கேஸை முடிவெடுக்கிறது ஹோம் ஆபீஸ், அதாவது பிரிட்டனின்ர உள்துறை அமைச்சு, வீட்டைப் பற்றி முறைப்பாடு குடுத்ததால கேஸ் பாதிக்காது. வீட்டு மேனேஜரிட்ட மூண்டு தரம் வாயால சொன்னன் எண்டு எழுதியிருக்கிறீங்கள், அதுதான் பிழை, வாயால சொன்னதுக்கு ஒரு பதிவும் இல்லை. அசைலம் கேட்டவைக்கு உதவி செய்யிற மைக்ரன்ட் ஹெல்ப் எண்ட தொண்டு நிறுவனத்துக்குப் போன் அடியுங்கோ, 24 மணித்தியாலமும் இலவசம், "தமிழ் இன்டர்பிரெட்டர்" எண்டு மட்டும் சொன்னாப் போதும், ஆனா லைன்ல கனநேரம் நிக்கவேண்டி வரும், சார்ஜரைப் பக்கத்தில வச்சுக்கொண்டு இருங்கோ. ரெஃபரன்ஸ் நம்பர் வாங்காம போனை வைக்கக்கூடாது. நான் அதைப் பாண் பையில எழுதிப்போட்டு அடுத்தநாள் குப்பையில எறிஞ்சு, திரும்ப முதல்ல இருந்து தொடங்கினனான்!

பிள்ளையின்ர கட்டிலுக்குப் பின்னால இருக்கிற கறுத்தப் பூஞ்சணத்தைத் திகதியோட படம் எடுங்கோ. அப்பிடியும் ஆள் வராட்டி உங்கட ஏரியா எம்பிக்கு (பாராளுமன்ற உறுப்பினருக்கு) ஈமெயில் போடுங்கோ, வோட் இல்லாட்டியும் எழுதலாம். முறைப்பாட்டுக்கு ஹோம் ஆபீஸ் தாற பதிலும் சரிவராட்டித்தான் ஒம்பூட்ஸ்மன் (அரச அலுவலகங்களைப் பற்றின முறைப்பாடுகளை விசாரிக்கிற அதிகாரி), அதுக்கும் எம்பி மூலமாத்தான் போகவேணும்.

வெக்கப்படவும் தேவையில்லை. 2019ல 10 வருஷத்துக்கு 4.5 பில்லியன் பவுண்ஸ் எண்டு மதிப்புப் போட்ட அசைலம் வீட்டு ஒப்பந்தங்கள் 15.3 பில்லியனுக்குப் போகும் எண்டு பிரிட்டனின்ர தேசியக் கணக்காய்வு அலுவலகமே 2025ல சொல்லிச்சு, உங்கட கூரைக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு.